கடைசி வரியில் ஒரு போன் நம்பர்

எந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் தினமும் வந்து குவியும் செய்திக் குறிப்புகளில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே நிறுவனத்தின் முத்திரை. அதன் கீழே ‘உடனடி வெளியீட்டுக்கு’ என்று ஒரு வரி. பிறகு தலைப்பு, ஊர், தேதி. யார், என்ன, எங்கே, எப்போது என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே முடிந்துவிடும். அடுத்த பத்தியில் நிர்வாக இயக்குநரின் கருத்து, அதற்கடுத்து நிறுவனத்தைப் பற்றி நாலு வரி. எல்லாம் முடிந்த பிறகு அடியில், சின்ன எழுத்தில், ‘மேலும் விவரங்களுக்கு’ என்று போட்டு ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் இருக்கும்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தாளோடுதான் என் பிழைப்பு. ஆரம்பத்தில் நாளிதழ் டெஸ்க்கில் உட்கார்ந்து மற்றவர்கள் அனுப்பியதை வெட்டிச் சுருக்கினேன். பிறகு மேசையின் மறுபக்கம் வந்து நானே எழுதி அனுப்பத் தொடங்கினேன். இதில் எந்த வரி முக்கியம் என்று வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளைக் கேட்டால், பெரும்பாலும் தலைப்பைச் சொல்வார்கள், இல்லையென்றால் முதல் பத்தியை. எனக்கு அந்தக் கடைசி வரிதான். தலைப்பை யாரும் போடலாம். ‘இதில் சந்தேகம் இருந்தால் என்னைக் கேள்’ என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் இந்தத் தொழிலுக்குள் எப்படி வந்தது என்ற கதையில் ஒரு சுரங்க வேலைநிறுத்தம் இருக்கிறது, 53 உயிர்களைக் கொண்டுபோன ஒரு ரயில் விபத்து இருக்கிறது, நல்லதைத் தொடங்கிவிட்டுத் தானே அதைக் கைவிட்ட ஒரு மனிதர் இருக்கிறார்.

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தித்தாளில் பெயர் வரவைப்பது ஒரு வித்தை. சர்க்கஸ் முதலாளி பி.டி. பார்னம் 1835இல் ஜாய்ஸ் ஹெத் என்ற வயதான கறுப்பினப் பெண்ணை மேடையில் உட்காரவைத்து, அவருக்கு 161 வயது, ஜார்ஜ் வாஷிங்டனைக் குழந்தையாக வளர்த்தவர் என்று ஊரைக் கூட்டினார். கூட்டம் குறைந்தபோது, தன் காட்சியையே சந்தேகித்துப் பெயரில்லாமல் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். சண்டை மூண்டால் டிக்கெட் விற்கும் என்ற கணக்கு. அந்தக் காலத்து விளம்பர முகவர்கள் பலருக்கு இவர்தான் முன்னோடி. செய்தி யாரிடமிருந்து வருகிறது என்று தெரியக் கூடாது என்பதே தொழிலின் முதல் பாடம்.

பெரிய முதலாளிகளின் வழி வேறு. அவர்கள் பத்திரிகைகளிடம் பேசவே மாட்டார்கள். ரயில் கம்பெனி அதிபர் வில்லியம் வாண்டர்பில்ட், 1882இல் நிருபர்கள் கேட்ட கேள்விக்கு, மக்கள் எக்கேடு கெட்டால் என்ன என்ற பொருளில் எரிந்து விழுந்ததாகச் செய்தி வந்தது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். மறுப்பு எடுபடவில்லை, பேச்சு நிலைத்துவிட்டது. காரணம், ரயில் கம்பெனிகள் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று ஊர் ஏற்கெனவே நம்பியிருந்தது. விபத்து நடந்தால் முதலில் செய்வது நிருபர்களைத் தடத்துக்குப் பக்கத்தில் வரவிடாமல் தடுப்பது. மற்ற நாட்களில் அதே நிருபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவச ரயில் பாஸ் போகும். பாஸ் வாங்கிய கை எழுதும்போது தயங்கும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

1900களின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு குலைந்தது. ஐடா டார்பெல் என்ற பெண் பத்திரிகையாளர் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி வளர்ந்த விதத்தை 1902 முதல் 1904 வரை மெக்ளூர்ஸ் பத்திரிகையில் ஆவணங்களோடு தொடராக எழுதினார். 1906இல் அப்டன் சிங்க்ளேர் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி நாவல் வெளியிட்டபோது நாடே அருவருத்தது. அதே 1906இல் வந்த ஹெப்பர்ன் சட்டம் இலவச ரயில் பாஸ் கொடுப்பதையும் பெருமளவு கட்டுப்படுத்தியது. மௌனம் இனிச் செல்லாது, பாஸும் செல்லாது. என்ன செய்வது என்று முதலாளிகளுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் வந்து சேர்ந்தவர் ஐவி லெட்பெட்டர் லீ. ஜார்ஜியா மாநிலத்தில் 1877இல் பிறந்தவர், மெதடிஸ்ட் பாதிரியாரின் மகன், பிரின்ஸ்டன் பட்டதாரி. நியூயார்க் நாளிதழ்களில் நிருபராக ஓடியவர். சம்பளம் போதாமல் வேலையை விட்டு, ஜார்ஜ் பார்க்கர் என்ற மூத்த பத்திரிகையாளரோடு சேர்ந்து ‘பார்க்கர் அண்ட் லீ’ என்று ஓர் அலுவலகம் தொடங்கினார். பாஸ்டனில் 1900இலேயே ‘பப்ளிசிட்டி பீரோ’ என்று ஒன்று தொடங்கியிருந்ததால், இந்தத் தொழிலில் இவர்கள் முதல்வர்கள் இல்லை. அந்த பீரோ ரயில் கம்பெனிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு, வாங்கியது தெரியாதபடி நாடு முழுக்கப் பத்திரிகைகளில் கட்டுரைகளை நுழைத்துக்கொண்டிருந்தது.

லீக்குக் கிடைத்த பெரிய வேலை நிலக்கரி முதலாளிகளுடையது. அதன் முன்கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1902இல் பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் நிலக்கரிச் சுரங்கங்களில் 1,40,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத் தலைவர் ஜான் மிட்செல் நிருபர்கள் எப்போது வந்தாலும் உட்காரவைத்துப் பேசினார். முதலாளிகள் தரப்பில் நின்ற ஜார்ஜ் பேயர், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அழைத்துப் பேசியபோதுகூட முகம் கொடுக்கவில்லை. பத்திரிகைகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று சொல்லவே வேண்டியதில்லை. 1906இல் மறுபடி வேலைநிறுத்தம் மூளும் நிலை வந்தபோது, அதே முதலாளிகள் பட்ட சூட்டை நினைத்து லீயைக் கூப்பிட்டார்கள்.

பேச்சுவார்த்தை அறைக்குள் நிருபர்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் லீ ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் உள்ளே நடந்ததை எழுதிக் கொடுத்தார். அதில் இன்னார் தரப்பில் இருந்து தருகிறோம் என்று வெளிப்படையாகப் பெயர் இருந்தது. ஆசிரியர்களுக்கு அப்போதும் சந்தேகம் போகவில்லை. இது விளம்பரத்தைச் செய்தியாக்கும் புதுத் தந்திரமோ என்று முணுமுணுத்தார்கள். அதற்குப் பதிலாக லீ எழுதி அனுப்பிய ஒரு சின்ன அறிக்கையை மக்கள் தொடர்பு வரலாற்றில் ‘கொள்கைப் பிரகடனம்’ என்கிறார்கள்.

அதன் சாரம் இதுதான்: எங்களுடையது ரகசிய அலுவலகம் இல்லை, எல்லா வேலையும் வெளிச்சத்தில் நடக்கிறது. நாங்கள் விளம்பர முகவர்களும் இல்லை, அனுப்புவது விளம்பரப் பகுதிக்கு உரியது என்று தோன்றினால் போட வேண்டாம். தருவது சரியான தகவல். மேலும் கேட்டால் உடனே தருவோம். எந்த வரியையும் நீங்களே சரிபார்க்க விரும்பினால் அதற்கு மகிழ்ச்சியோடு உதவுவோம். யாருக்காக இதை அனுப்புகிறோம் என்று கேட்டால் மறைக்க மாட்டோம்.

‘மேலும் விவரங்களுக்கு’ என்ற நம் கடைசி வரியின் வேர் இங்கேதான் இருக்கிறது. பெயரை மறைத்துப் பிழைத்த தொழிலில் ஒருவர் பெயரைப் போட்டு, வந்து சோதித்துக்கொள் என்கிறார். டெஸ்க்கில் உட்கார்ந்திருந்த காலத்தில் இதைப் படித்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியிருக்கும். யார் அனுப்பினார்கள் என்றே தெரியாத தாள்களை எத்தனை நாள் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறேன்!

சொல்வது சுலபம். சொன்ன சொல்லுக்குச் சோதனை அதே வருடம் அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது.

கேம்டனிலிருந்து அட்லாண்டிக் சிட்டிக்குப் போகும் தடம் பென்சில்வேனியா ரெயில்ரோடு கம்பெனியின் துணை நிறுவனத்துடையது. அந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கடற்கரை ஊரை நெருங்கும் இடத்தில் ‘தரோஃபேர்’ என்ற உப்பங்கழி. அதன் மேல், படகு போவதற்காகத் திறந்து மூடும் பாலம். ஒரு படகு கடந்துபோன பிறகு பாலத்தை மூடினார்கள். மூடிய பாலத்தின் தண்டவாளம் கரைத் தண்டவாளத்தோடு சரியாகப் பொருந்தி உட்காரவில்லை. மூன்று பெட்டிகளோடு வந்த ரயில் தடம் புரண்டு, பாலத்தின் ஓரத்தைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது. முதல் இரண்டு பெட்டிகளும் அப்படியே மூழ்கின. மூன்றாவது, பாலத்தின் தாங்குசுவரில் சிக்கிக் கொஞ்ச நேரம் தொங்கியது. அதன் பின்கதவு வழியாகச் சிலர் வெளியேறினார்கள். பிறகு அதுவும் போனது. இறந்தவர்கள் 53 பேர்.

புத்தம் புதிய மின்சார ரயில், ஞாயிறு மதியம், கடற்கரைக்குப் போன கூட்டம். எந்தக் கம்பெனியும் வாயை மூடிக்கொள்ள நினைக்கும் விபத்து இது. வெளியே நிற்கும் நிருபர் கேட்டதை எழுதுவார், கேட்காததையும் ஊகித்து எழுதுவார். பென்சில்வேனியா ரெயில்ரோடு அந்த வருடம்தான் லீயை ஆலோசகராக வைத்திருந்தது. அவர் வழக்கத்தைத் திருப்பிப் போட்டார். நிருபர்களையும் புகைப்படக்காரர்களையும் விபத்து நடந்த இடத்துக்கு வரவழைக்கச் சொன்னார். ஊகம் பரவுவதற்கு முன்னால் கம்பெனியின் பெயரிலேயே தகவல்களை எழுதிக் கொடுத்தார். அக்டோபர் 30ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் அதை ‘ரயில் கம்பெனியின் அறிக்கை’ என்று தலைப்பிட்டு, ஒரு சொல் மாற்றாமல் அச்சிட்டது. மக்கள் தொடர்பு வரலாற்று நூல்கள் இதைத்தான் முதல் பிரஸ் ரிலீஸ் என்று சொல்கின்றன.

லீ இரக்கத்தால் மட்டும் இதைச் செய்தார் என்று நான் எழுத மாட்டேன். கம்பெனிக்கு நல்ல பெயர் வேண்டியிருந்தது, அதற்காக அவருக்குச் சம்பளம். ஆனால் அன்று மகனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு, என்ன நடந்தது என்று பொறுப்பானவர்கள் வாயாலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி பிறந்தது. கம்பெனிக்கு லாபமும் மக்களுக்குத் தேவையும் ஒரே தாளில் சந்தித்தன. அந்தச் சந்திப்பு நடக்கும் நாட்களில் இந்த வேலையைப் போல நிறைவு தரும் வேலை இல்லை.

ஒரு சொல் மாற்றாமல் அச்சிட்டார்கள் என்பதைப் பாடம் நடத்துகிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். டெஸ்க்கில் இருந்த எனக்கு அந்த இடத்தில் பயமும் வருகிறது. எழுதியவர் உண்மையானவராக இருக்கும் வரை அது நல்லது. இல்லாதபோது வாசகரைக் காப்பாற்ற நடுவில் ஆள் இல்லை. இதற்குச் சாட்சியும் லீயேதான்.

1914 ஏப்ரல் 20. கொலராடோ மாநிலத்தில் லட்லோ என்ற இடம். ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்த கொலராடோ ஃப்யூயல் அண்ட் அயர்ன் கம்பெனிக்கும் மற்ற சுரங்கங்களுக்கும் எதிராகத் தொழிலாளர்கள் முந்தின செப்டம்பரிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுக் குடும்பத்தோடு கூடாரங்களில் தங்கியிருந்தார்கள். அன்று மாநில தேசியக் காவல் படையும் கம்பெனி ஆட்களும் கூடாரங்கள் மேல் சுட்டார்கள். கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டியிருந்த குழிக்குள் ஒளிந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

நாடு கொதித்தது. இளைய ராக்ஃபெல்லர் லீயை அழைத்தார். லீ துண்டறிக்கைகள் தயாரித்து நாடெங்கும் செல்வாக்குள்ளவர்களுக்கு வரிசையாக அனுப்பினார். சங்கத் தலைவர்கள் ஒரு வருடத்தில் வாங்கிய பணம், ஒன்பது வாரத்தில் வாங்கியதுபோல அவற்றில் அச்சாகியிருந்தது. எண்பதை நெருங்கிய தொழிற்சங்கப் போராளி ‘மதர்’ ஜோன்ஸைப் பற்றிக் கூசவைக்கும் அவதூறு இருந்தது. அடுத்த வருடம் தொழில் உறவுகளுக்கான அரசு விசாரணைக் குழு லீயை உட்காரவைத்துக் கேட்டது: சுரங்க முதலாளிகள் தந்த தகவல் சரியா என்று பார்க்க நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டார். 1906இல் எந்த வரியையும் சரிபார்க்க உதவுவேன் என்று ஊருக்கு எழுதிக் கொடுத்தவர், தான் ஒரு வரியையும் சரிபார்க்கவில்லை. அப்டன் சிங்க்ளேர் அவருக்கு ‘பாய்சன் ஐவி’ என்று பெயர் வைத்தார். பட்டால் உடம்பு தடித்து அரிக்கும் நச்சுக்கொடியின் பெயர் அது. கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 1934இல் ஹிட்லர் ஆட்சியின் கீழ் இருந்த ஐ.ஜி. ஃபார்பன் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்னதற்காக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நிற்க வேண்டியிருந்தது. அந்த வருடம் நவம்பரில் மூளைக் கட்டியால் இறந்தார். வயது 57.

தாள் பிழைத்துக்கொண்டது. உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊரில் இந்த வேலைக்கு மக்கள் தொடர்பாளர் என்று பெயர் வந்தாலும், பேச்சில் பி.ஆர்.ஓ. தான். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தனைச் சொல்வார்கள். 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தின் படங்களையும் தகவல்களையும் பத்திரிகைகளிடம் கொண்டுசேர்த்ததில் தொடங்கியது அவருடைய பயணம். பிறகு தமிழ்ப் படங்களைப் பற்றிய தகவல்களையும் புகைப்படங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தார். எந்தப் படம் எப்போது வந்தது என்று சந்தேகம் வந்தால் பத்திரிகைகள் அவரைத்தான் கேட்டன. விளம்பரத்துக்காகத் தகவல் தர வந்தவர், தகவலுக்கே ஆதாரமாக நின்றார். இந்தத் தொழிலில் ஒருவர் தொடக்கூடிய உயரம் அது என்று நினைக்கிறேன். தமிழ்ப் படங்களின் டைட்டிலில் ‘மக்கள் தொடர்பு’ என்று ஒரு பெயர் ஓடும்போதெல்லாம் எனக்கு லீயின் பிரகடனம் ஞாபகம் வரும். இதைச் சொன்னவன் இவன் என்று பெயர் போடுகிறார்கள்.

என் பெயர் போட்ட தாள் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெஸ்க்கை விட்டு வந்து இரண்டாவது வருடம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தொழிற்சாலை, சென்னைக்கு வெளியே. ஒருநாள் சாயங்காலம் அங்கே நீராவிக் குழாய் வெடித்தது. ஆலை மேனேஜர் போனில், “மூணு பேருக்குக் காயம், ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு, நீங்க ரிலீஸ் விடுங்க” என்றார். விபத்தை மறைக்காமல் உடனே சொல்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம். அட்லாண்டிக் சிட்டிக் கதையை அப்போதுதான் படித்திருந்தேன். அரை மணி நேரத்தில் எழுதி எல்லாப் பத்திரிகைகளுக்கும் ஃபேக்ஸ் அனுப்பினேன். ‘மூவர் காயம்’. அடியில் என் பெயர், என் செல் நம்பர்.

ஒன்பதரை மணிக்கு ஒரு மாவட்ட நிருபர் கூப்பிட்டார்.

“சார், நான் ஜி.எச்.ல நிக்கிறேன். நீங்க மூணுன்னு போட்டிருக்கீங்க. இங்க அஞ்சு பேர் படுத்திருக்காங்க.”

“கம்பெனியில மூணுன்னுதான் சொன்னாங்க.”

“நீங்க யாராவது வந்து பாத்தீங்களா சார்?”

பதில் சொல்ல வரவில்லை. ஆலை மேனேஜரை மறுபடி பிடித்தேன். விசாரித்துவிட்டுச் சொன்னார்: மற்ற இரண்டு பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள், கம்பெனி வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் கிடையாது, அதனால் கணக்கில் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. தன் கணக்கில் இருந்ததைச் சொன்னார். நான் அதை வாங்கி என் பெயரில் ஊருக்கு அனுப்பிவிட்டேன். விசாரணைக் குழு லீயைக் கேட்ட கேள்வியை அன்று அந்த நிருபர் என்னைக் கேட்டார். பதிலும் அதேதான்.

இரண்டாவது ரிலீஸ் எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் மூத்தவர், “நாளைக்குத் திருத்தம் விட்டுக்கலாம்ப்பா, க்ளையன்ட் கோபப்படுவாங்க” என்றார். காலையில் பேப்பரில் மூணு என்று வந்தபிறகு அந்த இரண்டு வீட்டார் அதை எப்படிப் படிப்பார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானே ஃபேக்ஸ் மெஷின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இந்த முறை ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டு ஐந்து பேரின் பெயரையும் வயதையும் கேட்டு எழுதினேன். முந்தின குறிப்பில் எண்ணிக்கை தவறு என்பதை முதல் வரியிலேயே சொன்னேன். அனுப்பி முடிக்கும்போது மணி பத்தேமுக்கால்.

வீட்டுக்குக் கிளம்பி மாடிப்படி இறங்கும்போது மறுபடி செல் அடித்தது. அதே நிருபர்.

“சார், ரிலீஸ் வந்துச்சு. அஞ்சாவதா போட்டிருக்கிற பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு. அவர் சம்சாரம் இங்கதான் உக்காந்திருக்காங்க, அவங்ககிட்டயே கேட்டுட்டேன். சொல்றேன், எழுதிக்கிறீங்களா?”

படியிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.